சிலுவை: சிரியாக் கொடுத்த சொல், அடகுக் கடை சொல்லும் பொருள்

ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழியில் ஜெபம் கேட்கும். தமிழர் 'சிலுவை' என்பார், தெலுங்குக்காரர் 'சிலுவ', கன்னடக்காரர் 'ஷிலுபெ'. அந்தக் கன்னடத்து 'பெ'யில்தான் சொல்லின் பிறப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலச்சொல் 'ஸ்லீபா'. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழியான சிரியாக்கில் உள்ளது. மெய்யெழுத்துகள் சேர்ந்து சொல் தொடங்குவதைத் தமிழ் நாக்கு ஒப்பாது. நடுவே உயிர் நுழைந்து 'சிலு' ஆனது, 'பா' 'வை' ஆனது. கிருஷ்ணகிரியில் உருது பேசுகிறவர்கள் சொல்லும் 'சலீப்' அரபி வழி வந்தது. அதுவும் இதே வேர்தான்.

கத்தோலிக்கர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'குருசு' வேறு வழி: போர்த்துக்கீசிய 'குரூஸ்'. சாவி, ஜன்னல் வந்த அதே கப்பல்.

தனித்தமிழில் என்ன சொல்வது? 'கழுமரம்' பொருந்தாது, அது ஆளைக் குத்தி ஏற்றும் கூர்முனை. 'குறுக்குமரம்' வடிவத்தை மட்டும் சொல்கிறது. கிரேக்க 'ஸ்டவ்ரோஸ்' கூட முதலில் வெறும் நட்டமரம்தான். என்னைக் கேட்டால் சிலுவையை அப்படியே விட்டுவிடலாம். கூட வரும் 'அறைதல்' நல்ல தமிழ், ஆணி அடிப்பது. ஆனால் ஞாயிறு பள்ளியில் ஒரு பையன், "எத்தனை அறை அறைஞ்சாங்க?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டான்.

தமிழ்ச் சொல் உண்மையில் உதவும் இடம் 'இரட்சிப்பு'. வடமொழி 'ரக்ஷ', காப்பது என்று பொருள். கத்தோலிக்கர் இன்று 'மீட்பு' என்கிறார்கள். தருமபுரியில் இதற்கு அகராதி வேண்டாம். மாங்காய் விற்ற காசு வந்ததும், "தோட்டை மீட்டாச்சா?" என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. அசலும் வட்டியும் முழுசாய் விழுந்தால்தான் நகை கைக்கு வரும். 'சிலுவை ஒன்றே' என்னும் விசுவாசம் சொல்வது இதைத்தான்: அடகில் கிடப்பது நான், தொகை முழுவதையும் கட்டியவர் கிறிஸ்து, என் நற்செயலைச் சில்லறையாகச் சேர்க்க அங்கே பாக்கி எதுவும் இல்லை. அப்படியானால் நற்செயலுக்கு என்ன இடம் என்று 16ஆம் நூற்றாண்டிலிருந்து சண்டை. மார்ட்டின் லூதர் வழி வந்த லுத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டு, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தால், நம் தகுதியால் அல்ல என்ற வரைக்கும் ஒத்துப்போனார்கள். நற்செயல் அந்த மீட்பின் கனி என்பதிலும் இருவருக்கும் தகராறு இல்லை.