மசாடா: பாலைவனப் பாறைக்குத் தண்ணீர் வந்த வழி

"மசாடாவில் ஊற்றும் இல்லை, ஆறும் இல்லை. அப்புறம் எப்படி அத்தனை பேர் வருடக்கணக்கில் அங்கே இருந்தார்கள்?" ஒரு வாசகரின் கேள்வி இது.

சாக்கடலின் மேற்கே, அதன் நீர்மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் மேல், தனித்து நிற்கும் தட்டைப் பாறை மசாடா. யூதேயாவின் மன்னர் ஏரோது அதன்மீது அரண்மனைகளும் கிடங்குகளும் வெந்நீர்க் குளியல்கூடமும் கட்டினார். கி.பி. 66இல் யூதக் கிளர்ச்சியாளர்கள் அதைப் பிடித்தார்கள். 73 அல்லது 74இல் ரோமானியப் படை மண்ணும் கல்லும் கொட்டிச் சரிவுப்பாதை அமைத்து, மதிலை உடைத்தது. முற்றுகைக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சரி, தண்ணீருக்கு வருவோம்.

அங்கே ஆண்டு மழை 100 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஆனால் பெய்கிற மழை எங்கே போகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. செடியோ சருகோ மூடாத மண்ணில் மழைத்துளி நேராக வந்து மோதும். மோதிய வேகத்தில் மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மேலே மெல்லிய பொருக்கு படியும். அதற்குக் கீழே மண் காய்ந்தே கிடக்க, நீர் மேலாக வழிந்து ஓடும். இப்படிச் சரிவு முழுவதும் வழிவது ஓடையில் சேர்ந்தால், காலையில் புழுதி பறந்த இடத்தில் மதியம் வெள்ளம் பாயும். மண் நீரை நன்றாக உறிஞ்சியிருந்தால், இவ்வளவு குறைந்த மழையில் ஓடை நனைந்திருக்கவே வாய்ப்பில்லை.

ஏரோதின் ஆட்கள் பக்கத்து ஓடைகள் இரண்டில் அணை போட்டு, வாய்க்கால் வழியே வெள்ளத்தைத் திருப்பினார்கள். பாறையின் வடமேற்குச் சரிவில், இரண்டு வரிசையாகக் குடைந்த 12 தொட்டிகளில் அது நிறைந்தது. மொத்தக் கொள்ளளவு சுமார் 4 கோடி லிட்டர்! ஆயிரம் பேருக்குப் பங்கிட்டால், தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் ஒரு வருடம் தாண்டும். உள்ளே சுண்ணாம்புக் காரை பூசியதால் கசிவு இல்லை. வெயில் படாததால் ஆவியாவதும் குறைவு. அங்கிருந்து உச்சிக்கு மனிதர்களும் விலங்குகளும் சுமந்து ஏற்றினார்கள்.

அரண்மனை ஓவியங்களைத் தோண்டியெடுக்கக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது இந்த ஓடைகளின் நீரோட்டத்தை அளக்கவும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. வறண்ட நிலத்தில் வாழ்பவர்களுக்கு இன்றும் உதவக்கூடிய கணக்கு அது.

முற்றுகையிட்ட ரோமானியர்களுக்கோ குடிநீர் வெளியிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. கோட்டைக்குள் இருந்த 960 பேர் சரணடையாமல் உயிரை விட்டதாக வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். தப்பியவர்கள் இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும். அவர்கள் ஒளிந்திருந்த இடம், குடிநீர் கொண்டுவந்த நிலத்தடி வாய்க்கால்.