மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு: செயலியைத் திறக்கும் முன்

ஊரில் உள்ள செடி, உயிரினங்களையும் அவை பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் எழுதி வைப்பதுதான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு அதைத் தயாரிக்க உதவுவது என் வேலை. முன்பு நோட்டில் எழுதினோம். இப்போது படம், குரல், இடம் எல்லாமே செல்போனில் ஏறிவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் மருந்து முறை அதே செல்போன் வழியாக ஊரை விட்டுப் போகவும் ஒரு நிமிடம் போதும். அதனால், யாருக்காகப் பதிகிறோம் என்பது முதலிலேயே முடிவாக வேண்டும்.

அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் கதை இதற்கு நல்ல பாடம். 1987-இல் அங்கே தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து களைத்துப்போனார்கள். கூட வந்த காணி வழிகாட்டிகளோ ஒரு செடியின் காயைத் தின்றபடி தெம்பாக நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், அதோடு விற்பனையில் 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணிகளுக்கு. ஊரின் அறிவை வைத்துச் சம்பாதிப்பவர் ஊருக்கும் பங்கு தர வேண்டும் என்ற 2002-இன் பல்லுயிர்ச் சட்டத்துக்கு முன்பே நடந்தது என்பதால் இதை உலகெங்கும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாத பக்கமும் உண்டு. தகவல் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். காணிக் குடியிருப்புகளோ பல. மருத்துவம் பார்க்கும் பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவை விற்க இவர்கள் யார் என்று எதிர்த்தார்கள். பணத்தை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்புகூட அப்போது இல்லை. அறக்கட்டளை 1997-இல் பதிவாகி, பணம் கைக்கு வர 1999 ஆகிவிட்டது. அதுவும் கேரளக் காணிகளுக்கானது. மலைக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் காணிகள் இருக்கிறார்கள்.

அதனால்தான் செடியின் பெயரோடு, சொன்னவர் யார், எந்தக் குடியிருப்பு, வேறு யாருக்கெல்லாம் இது தெரியும் என்பதையும் கேட்டுப் பதியச் சொல்கிறேன். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது இன்னும் அவசியம். சித்த, ஆயுர்வேத நூல்களில் ஏறிய அறிவைப் பயன்படுத்தும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு இப்போது அந்தப் பங்கு தருவதிலிருந்து விலக்கு உண்டு. வாய்வழி அறிவுக்கு அந்த விலக்கு இல்லை. 'நாட்டு மருந்து' என்று பொதுவாக ஒரு வரி எழுதி வைத்தால், உரிமை கோரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

சரி, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடலாமா? கூடாது. செடியின் பெயர், ஊர்ப் பெயர், பூக்கும் மாதம் ஆகியவை எல்லோருக்கும் தெரியலாம். எந்தப் பாகம், எதோடு சேர்த்து, எவ்வளவு என்பது குழுவின் பூட்டுக்குள் இருக்க வேண்டும். சொன்னவர் 'இது வெளியே போக வேண்டாம்' என்றால், அதைப் பதியவே கூடாது. சம்மதத்தை அவர் பேச்சிலேயே, அவர் குரலிலேயே வாங்குங்கள். அரிய செடி என்றால் செல்போன் கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுப் படமெடுங்கள். படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் அந்த இருப்பிட எண்கள், செடியை வேரோடு பிடுங்குபவருக்கு வழி காட்டிவிடும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று திறந்து கிடக்கும் கூகுள் ஷீட்டில் மருந்து முறைகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

இன்னொன்று, அவசரம். 2020 ஜனவரி 31-க்குள் பதிவேடுகளை முடிக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. அந்த ஓட்டத்தில் வேம்பு, துளசி, ஆல் என்று எந்த ஊருக்கும் பொருந்தும் பட்டியல்கள் நிறைய வந்தன. அவற்றை வைத்து எந்த ஊரும் பங்கு கேட்க முடியாது.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேளுங்கள். கணினியில் ஏற்றியிருந்தால், மூலப் பிரதி ஊராட்சியிடம் இருக்கிறதா, இல்லை தயாரித்துக் கொடுத்தவரின் மடிக்கணினியில் மட்டும்தானா, கடவுச்சொல் யாரிடம் என்பதையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.