ஸ்மோக்கி ஜோ வுட்டின் வலது தோள்

தோள் வலியோடு வரும் விளையாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "போன வாரம்கூட மெடல் வாங்கினான் சார், கை நல்லாத்தான் இருக்கு, லேசா வலிக்குதுங்கிறான்." அப்படித்தான் ஈட்டி எறியும் பையன் ஒருவன் வந்தான், 17 வயது. சட்டையைக் கழற்றுப்பா என்றேன். இடது கையை முதலில் உருவிக்கொண்டான், வலது கையை அசைக்காமல் தொங்கவிட்டு, இடது கையாலேயே சட்டையை அந்தத் தோளிலிருந்து மெதுவாக வழித்து இறக்கினான். அவன் அப்பா அதைக் கவனிக்கவில்லை, போனில் மெடல் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சட்டை கழன்ற விதமே போதுமானதாக இருந்தது.

இந்த மாதிரி வீட்டாரிடம் நான் சொல்வது ஜோ வுட் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரரின் கதை. 1889இல் பிறந்தவர், 18 வயதிலேயே பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர். பந்து புகை கிளப்பிக்கொண்டு வரும் என்பதால் 'ஸ்மோக்கி' என்று பட்டப்பெயர். பிட்ச்சிங் நம் கிரிக்கெட் பௌலிங் மாதிரி கிடையாது. ஓடிவருவது இல்லை, முழங்கையை மடக்கி, கையைப் பின்னுக்கு நன்றாக வளைத்து, 60 அடி 6 அங்குலத் தூரத்துக்கு முழு வேகத்தில் எறிய வேண்டும். அந்த ஒரு கணத்தில் தோளில் மேல்கை எலும்பு உள்பக்கமாகச் சுழலும் வேகம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி வரை போகும். அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு நொடிக்குள் 19 முறைக்கு மேல் சுற்றிவிடும்! தோள்மூட்டிலோ மேல்கை எலும்பின் பந்து போன்ற தலை பெரிசு, அது உட்காரும் கிண்ணம் ஆழமே இல்லாதது, நான்கு சின்னத் தசைகள்தான் (ரொட்டேட்டர் கஃப் என்பது இவைதான்) அந்தப் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைக்கின்றன. எறிந்து முடித்ததும் கைக்கு பிரேக் போடும் வேலையில் பெரும்பங்கும் அவற்றுக்குத்தான்.

1912இல் வுட்டுக்கு 22 வயது. அந்த ஒரு சீசனில் அவர் எறிந்து அவர் கணக்கில் சேர்ந்தவை 34 வெற்றி, 5 தோல்வி. 344 இன்னிங்ஸ் எறிந்தார் (பேஸ்பாலில் இன்னிங்ஸ் சின்னது, எதிரணியில் 3 பேர் அவுட் ஆனால் முடிந்தது, ஓர் ஆட்டத்துக்கு அப்படி 9), 35 ஆட்டங்களை வேறு ஆள் வராமல் தானே முடித்தார். இன்றைக்கு ஒரு பிட்ச்சர் 200 இன்னிங்ஸ் தாண்டுவதே அபூர்வம். செப்டம்பர் 6ஆம் தேதி வாஷிங்டன் அணியின் வால்டர் ஜான்சனை எதிர்த்து அவர் எறிந்த ஆட்டம் ரொம்பப் பிரபலம், பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில் கூட்டம் தாங்காமல் ஜனங்கள் மைதானத்துக்குள்ளேயே கோட்டை ஒட்டி நின்றார்கள், வுட் 1-0 என ஜெயித்தார். என் கண்ணுக்குப் படுவது வேறு. அந்த மோதலுக்காக வுட் எறிய வேண்டிய நாளை ஒரு நாள் முன்னால் இழுத்திருந்தார்கள், ஓய்வில் ஒரு நாள் போயிற்று. அப்புறம் சீசன் கடைசியில் சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் உலகத் தொடரிலும் (வேர்ல்ட் சீரிஸ்) 3 வெற்றி அவருடையது.

1913இல் ஒரு பந்தை எடுக்கப் போய் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தார், வலது கட்டைவிரல் முறிந்தது. விரல் கூடிவிட்டது. ஆனால் அதன்பிறகு வலியில்லாமல் அவர் பந்து எறிந்ததே இல்லை. சீக்கிரமே எறியத் தொடங்கியதாலா, விழுந்தபோதே தோளிலும் அடிபட்டதா என்று தனக்கே தெரியவில்லை என்று வயதான காலத்தில் சொன்னார். ஸ்கேன் ஏது அப்போது. நான் பார்க்கிறவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. கணுக்கால் சுளுக்கு, விரல் முறிவு என்று ஏதோ ஒன்றுக்காகச் சில வாரம் சும்மா இருப்பார்கள், அதற்குள் தோள்தசை வலு இழந்திருக்கும், கட்டுப் பிரித்த மறுநாளே பழைய வேகத்தில் எறிவார்கள். ஆறியது விரல்தான், தோளை யாரும் கேட்கவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது 1915. அந்த ஆண்டு வுட் 15 வெற்றி, 5 தோல்வி, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்த ரன் 1.49, பாஸ்டன் ஆடிய அமெரிக்கன் லீக்கிலேயே அதுதான் சிறந்த கணக்கு. அதே ஆண்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பல நாள் அவரால் கையை நெஞ்சுயரம் தூக்க முடியவில்லை. பேப்பரில் ஸ்கோரை மட்டும் பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? 1916 முழுக்க ஆடவில்லை. நியூயார்க்கில் எலும்பு நீவுகிற ஒருவரிடம் போய்வந்தார். அவரோ கடைசியில், வலித்தாலும் பரவாயில்லை, முழு பலத்தோடு எறி என்றார். எறிந்தார், கை தூக்க முடியாமல் போனது. வலிக்கிற தோளை வேகமாக எறியவைத்துச் சரிசெய்கிறேன் என்று இன்றும் யாராவது சொன்னால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எதைக் கவனிக்க வேண்டும்? எறிந்த வலி மறுநாளும் போகாமல் இருப்பது, அந்தப் பக்கம் படுத்தால் ராத்திரி தூக்கம் கலைவது, முதுகுக்குப் பின்னால் கை முன்போல எட்டாதது, தலை வாரவோ சட்டை மாட்டவோ மறு கையைத் துணைக்கு அழைப்பது. இதில் ஒன்று இருந்தாலும் எறிவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள், தைலம் தடவி அடுத்த போட்டிக்கு அனுப்பாதீர்கள். திரும்பும்போது கிட்டத்தில் நின்று மெதுவாக, ஒருநாள் விட்டு ஒருநாள், எண்ணிக்கை வைத்து எறிய வேண்டும். இன்று அமெரிக்காவில் 15, 16 வயதுப் பிட்ச்சருக்கு ஒரு நாளைக்கு 95 எறிதான் உச்சம், 76ஐத் தொட்டாலே அடுத்த 4 நாள் ஓய்வு என்று வழிகாட்டுதல் இருக்கிறது. ஈட்டிக்கு அதே எண் பொருந்தாது, ஆனால் எண்ணும் பழக்கம் பொருந்தும்.

வுட் 1917இல் கிளீவ்லாந்து அணிக்குப் போய், அங்கே மட்டையாளராகவும், தொலைவில் நின்று பந்து பிடிப்பவராகவும் மாறி 1922 வரை ஆடினார். அங்கே ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவை எறிந்தால் அதிகம். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகப் பல ஆண்டு இருந்து, 95 வயதில், 1985இல் காலமானார்.

அந்தப் பையன் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் எத்தனை எறிந்தான், மறுநாள் காலையில் தோள் எப்படி இருந்தது என்று அவன் அப்பாதான் எழுதுகிறார்.