காத்திருப்பது யார்? விளையாட்டுக் கணினிக்குப் பாகம் தேரும் முன்

கோவை காந்திபுரத்துக் கணினிக் கடைகளில் மாலை வேளையில் சற்று நின்று கவனித்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: "கேம் விளையாட எந்த பிராசசர் நல்லதுங்க?" கேட்கும் இளைஞரின் கைபேசியில் ஒரு பட்டியல் இருக்கும். எங்கோ ஒரு குளிர்நாட்டில், குளிரூட்டிய அறையில், மின்சாரம் ஆடாத ஊரில் இருந்துகொண்டு யாரோ சொன்ன பட்டியல் அது. பட்டியலில் உள்ள பாகங்கள் நல்லவைதான். ஆனால் எந்த பிராசசர் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மானிட்டர், எந்த அறை என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாமல் பிராசசரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

மானிட்டரிலிருந்து தொடங்குவோம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 6.9 மில்லி விநாடியாகச் சுருங்குகிறது. இந்த நேரத்துக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். முதலாவது பிராசசருடையது: நீங்கள் எந்த விசையை அழுத்தினீர்கள், எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், சுட்ட குண்டு சுவரில் பட்டதா ஆளின் மேல் பட்டதா என்பதையெல்லாம் கணக்கிட்டு, இன்னின்னதை இன்னின்ன இடத்தில் வரை என்று கிராபிக்ஸ் கார்டுக்கு ஆணைகள் எழுதித் தருகிறது. இரண்டாவது கார்டின் வேலை. அந்த ஆணைகளை வாங்கித் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்கிறது.

சாதாரண 1080 திரையில் இருப்பவை 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400, அதாவது சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாகும்போது கார்டின் சுமை ஏறுகிறது. பிராசசரின் சுமையோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எதிரி எங்கே ஓடுகிறான் என்ற கணக்குக்கும் திரையின் புள்ளிகளுக்கும் தொடர்பில்லை. ஆகவே 4கே திரையில் விநாடிக்கு 60 படம் போதும் என்பவருக்கு நடுத்தர பிராசசரே தாராளம். பணம் கார்டுக்குப் போக வேண்டும். 1080 திரையில் 144 படத்துக்கு மேல் வேண்டும், போட்டி விளையாட்டுதான் ஆடுவேன் என்பவருக்குத்தான் பிராசசர் முக்கியமாகிறது.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லியே தர வேண்டாம். தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றித் தருபவர் பின்தங்கினால் தறி நின்றுவிடும். தறி மெதுவாக ஓடினால் சுற்றிய தார் பெட்டியில் கிடக்கும். எது எதற்காக நிற்கிறது என்று பார்க்காமல் முதல் போட்டால் நெய்யும் துணி அதிகமாகாது.

எது நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்புக்குள் போய்த் திரை அளவை ஒரு படி குறையுங்கள். விநாடிக்கான படங்கள் ஏறினால் அதுவரை திணறிக்கொண்டிருந்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் திணறுவது பிராசசர். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 25 சதவீதம்தான் வேலை செய்கிறது, அதனால் அது குற்றவாளி இல்லை என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. எட்டுக் கோர் (தனித்தனியே கணக்கிடும் மையங்கள்), பதினாறு இழை (ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு வரிசைகள்) கொண்ட பிராசசரில் ஓர் இழை முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது வெறும் 6 சதவீதம். விளையாட்டின் மையக் கணக்கு பெரும்பாலும் அந்த ஒற்றை இழையில்தான் ஓடுகிறது. குண்டு எங்கே பட்டது என்று தெரியாமல் எதிரி விழுந்தானா என்று சொல்ல முடியாது, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

பதினாறு கோர் வாங்கியும் விளையாட்டு வேகமாகாததன் காரணம் இதுதான். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலுமே இருப்பவை எட்டுக் கோர்கள். பெரிய நிறுவனங்கள் அந்த இயந்திரங்களை மனத்தில் வைத்தே விளையாட்டுகளை எழுதுகின்றன. ஆறு கோர் போதும். எட்டு இருந்தால் நிறைவு. அதற்கு மேல் வேண்டும் என்றால் நீங்கள் வீடியோ எடிட்டிங் போன்ற வேறு வேலையும் செய்பவராக இருக்க வேண்டும்.

கோர் எண்ணிக்கை இல்லையென்றால் கிகாஹெர்ட்ஸா, அதாவது விநாடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்பதா? அதுவும் பாதிதான் உண்மை. பிராசசரின் உள்ளே நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்பு என்பது 0.2 நானோ விநாடி. ஆனால் தனக்கு வேண்டிய ஓர் எண்ணை ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலிருந்து எடுக்க அதற்கு ஏறத்தாழ 80 நானோ விநாடி ஆகிறது. அதாவது 400 துடிப்புகள். அந்த எண் வந்தால்தான் அடுத்த கணக்கு என்ற நிலையில், உலகின் அதிவேகமான கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. விளையாட்டுகளில் இது ஓயாமல் நடக்கிறது. ஏனென்றால் நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், மரங்கள், கதவுகள் பற்றிய விவரங்கள் நினைவகம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அடுத்து எது தேவைப்படும் என்பது உங்கள் கை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் பிராசசருக்குள்ளேயே கேஷ் என்ற சிறு நினைவகம் இருக்கிறது. அதன் மூன்றாம் அடுக்கிலிருந்து ஓர் எண்ணை எடுக்கப் பத்து நானோ விநாடி அளவே ஆகும். 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனம் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசசரை வெளியிட்டது. ஏற்கனவே இருந்த 5800எக்ஸின் 32 எம்.பி. கேஷின் மேல் இன்னொரு 64 எம்.பி. சில்லை அடுக்கி 96 ஆக்கினார்கள். மேலே இன்னொரு சில்லு ஏறியதால் வெப்பம் வெளியேறுவது கடினமானது. உச்ச வேகத்தை 4.7இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டியிருந்தது. வேகம் குறைந்த அந்தப் பிராசசர் பல விளையாட்டுகளில் தன் அண்ணனைத் தெளிவாக முந்தியது. ஓடும் வேகத்தைவிட நிற்கும் நேரம் குறைந்ததே காரணம். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்து அந்த வெப்பச் சிக்கலையும் பெருமளவு தீர்த்துவிட்டார்கள். சராசரி வேகத்தைவிட, படம் நடுவில் ஒரு கணம் திக்கி நிற்பது குறைவதுதான் இந்த வகையின் பெரிய பலன். விலை கூடுதல், கார்டு திணறும் கணினியில் போட்டால் அந்தப் பணம் வீண்.

ரேம் விஷயத்தில் சொல்ல வேண்டியவை சில. 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியைவிட இரண்டு 8 ஜி.பி. குச்சிகள் மேல், இரண்டு வழிகள் திறப்பதால் ஒரே நேரத்தில் இரு மடங்குத் தரவு பாயும். பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், கணினி எழும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை இயக்காதவரை அந்த வேகம் வராது. கிராபிக்ஸ் கார்டில் உள்ள நினைவகத்தை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 272 ஜி.பி. எடுக்கும். அதன் 8 ஜி.பி. நிரம்பி வழிந்தால், மீதியை மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பாதையின் அகலம் விநாடிக்குச் சுமார் 16 ஜி.பி.தான். விளையாட்டு திடீரென இழுத்து இழுத்து ஓடுவது அப்போதுதான்.

இனி அறைக்கு வருவோம். நம் பக்கத்துக்கே உரிய சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன.

பொள்ளாச்சி, காங்கேயம், கோபி என்று எங்கே போனாலும் நம்மவர்கள் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். வீட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும் அந்த ஓரிரு விநாடிகளில், ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டால் வீட்டில் விளக்கு மங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதே நொடியில் கணினியின் பவர் சப்ளைக்குள் என்ன நடக்கிறது?

நல்ல பவர் சப்ளையில் ஒரு பெரிய மின்தேக்கி இருக்கும். மின்சாரம் முழுவதும் அறுந்தாலும் அதில் சேர்ந்துள்ள ஆற்றலைக் கொண்டு 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். தரத்தின் எதிர்பார்ப்பு. நம் மின்சாரத்தின் ஒரு முழு அலை 20 மில்லி விநாடி. ஏறக்குறைய ஓர் அலை காணாமல் போனாலும் விளையாட்டு நிற்காது. தவிர, ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று உள்ளவை 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும். மலிவான பெயர் தெரியாத சப்ளையில் அந்த மின்தேக்கி சிறியது. கேபினெட்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான். மோட்டார் போடும்போதெல்லாம் கணினி தானாக அணைந்து எழுந்தால் பலரும் விண்டோஸை அழித்துத் திரும்ப ஏற்றுகிறார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது பவர் சப்ளையை.

இன்னொரு செய்தி: கிராபிக்ஸ் கார்டு சீராக மின்சாரம் இழுப்பதில்லை. திரையில் ஒரு வெடிப்பு வந்தால் மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டித் துள்ளும். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், சப்ளை தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்கிறது. அந்தத் தரம் பொறித்ததை வாங்குங்கள்.

யூ.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணை வாட் என்று நினைத்துவிடக் கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். தரக்கூடியது பொதுவாக 360 வாட்தான். விளையாட்டு நடக்கும்போது 400 வாட் இழுக்கும் கணினியை மாட்டினால் மின்தடை வந்த உடனே அதுவும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்புறச் சுவிட்ச் யூ.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற நிலையில் அது மாறிக்கொள்ள எடுக்கும் நேரம் மின்தேக்கி தாங்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அது எர்த் இல்லாததன் அடையாளம். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இரு கம்பிகளிலிருந்தும் இரும்பு உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல் ஏறக்குறைய பாதி வோல்ட்டில், 115 அளவில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். கோடையில் நம் பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்துபோவது சகஜம். எலக்ட்ரீஷியனை அழைத்துக் குழியைச் சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வெப்பம். கூலர் என்பது குளிரை உண்டாக்கும் கருவி அல்ல. பிராசசரின் சூட்டை அறைக் காற்றுக்கு மாற்றும் கருவி. குறிப்பிட்ட வாட் சுமையில் பிராசசர் அறையைவிட இத்தனை டிகிரி மேலே நிற்கும் என்பதுதான் அதன் திறன். எடுத்துக்காட்டாக 50 டிகிரி மேலே என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் செய்த சோதனையில் 72 காட்டும். ஈரோட்டிலோ கரூரிலோ மே மாதப் பிற்பகலில் அறையே 38 இருந்தால் அதே கணினி 88 காட்டும். ரைசன் 7 7800எக்ஸ்3டியின் உச்ச வரம்பு 89. அதைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைக்காரருக்குக் கிடைக்கும் வேகம் ஈரோட்டுக்காரருக்குக் கிடைக்காமல் போக இதுவே போதும்.

பெரிய கூலர் ஒரு வழி. இன்னொரு வழி செலவே இல்லாதது. பிராசசர் எரிக்கும் ஆற்றல் அதன் வேகத்தையும் வோல்ட்டின் இருமடியையும் பெருக்கினால் வரும் அளவில் ஏறி இறங்குகிறது. வேகத்தையும் வோல்ட்டையும் பத்துப் பத்து சதவீதம் குறைத்தால் வெப்பம் 27 சதவீதம் குறைகிறது. தயாரிப்பாளர்கள் கடைசித் துளி வேகத்துக்காக வோல்ட்டை ஏற்றியே அனுப்புகிறார்கள். பயாஸில் ஈகோ என்ற சிக்கன நிலையைத் தேர்ந்தெடுத்தால் வெப்பம் கணிசமாக இறங்கும். விளையாட்டில் வேறுபாடு தெரிவதே அரிது.

திருப்பூர், பல்லடம் வீடுகளில் இதோடு பஞ்சும் சேர்கிறது. சாதாரணத் தூசு கூலரின் தகடுகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். நூல் இழைகள் அப்படிப் போகாமல் தகட்டு விளிம்பில் சிக்கி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி அழகாகச் சுற்றும். காற்று மட்டும் உள்ளே போகாது. விசிறியின் திருகுகளைக் கழற்றினால் அந்தப் படலம் முழுத் துண்டாகக் கையோடு வரும். கழற்றி மாட்டக்கூடிய வலை உள்ள கேபினெட்டைத் தேர்ந்தெடுத்து, காற்றை வெளியே தள்ளும் விசிறிகளைவிட உள்ளே இழுக்கும் விசிறிகளைக் கூடுதலாக வையுங்கள். அப்போது இடுக்குகள் வழியே காற்று வெளியேறும். பஞ்சு வலையைத் தவிர வேறு வழியில் உள்ளே வராது. புளோயர் அடிக்கும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறான வேகத்தில் சுற்றினால் பேரிங் தேய்ந்துபோகும்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட். 2017இல் முதல் ரைசனோடு ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்களில் பலர் 2022இல் பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கும் 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் சாதாரண என்.வி.எம்.இ. வகை போதும்.

இத்தனையையும் பல்லடத்தில் தறிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறைக்கு, 1080 திரையில் 144 ஹெர்ட்ஸ் வேண்டும் என்னும் கல்லூரி மாணவருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ரைசன் 5 7600 போன்ற ஆறு கோர், 65 வாட் பிராசசர். இரண்டு குச்சி டி.டி.ஆர்.5 வகை ரேம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டு. முடிந்தால் 8 ஜி.பி.க்கு மேல். 650 வாட் ஏ.டி.எக்ஸ். 3.0 சப்ளை. வலை வைத்த கேபினெட். பெட்டியோடு வரும் சிறு கூலரை ஒதுக்கிவிட்டு நடுத்தர விலையில் கோபுரக் கூலர் ஒன்று. கேஷ் கூடிய எட்டுக் கோர் எக்ஸ்3டி வகைக்கு இப்போது போகாமல் மிச்சம் பிடித்த பணத்தில் எர்த் குழியைச் சரிசெய்து, 1000 வி.ஏ. யூ.பி.எஸ். வாங்கிவிடலாம். சாக்கெட் அதேதான் என்பதால் எக்ஸ்3டியை விலை இறங்கிய பிறகு மாட்டிக்கொள்ளலாம்.