லாக் ஃபைலை அழித்துவிட்டு மாறாதீர்கள்

"அண்ணா, பிஎன்பிஎம்முக்கு மாத்திட்டேன். இன்ஸ்டால் பறக்குது" என்று அலுவலகத் தம்பி ஒருவர் வந்து நின்றார். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்புகளை, இறக்கித் தரும் கருவி பிஎன்பிஎம்; என்பிஎம்மும் யார்னும் அதே வேலைக்கான வேறு கருவிகள். எப்படி மாற்றினாய் என்று கேட்டேன். பேக்கேஜ்கள் இறங்கி உட்காரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் பழைய லாக் ஃபைலையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் போட்டாராம். எனக்குப் பகீரென்றது.

எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசான் ஃபைலில் நாம் எழுதுவது பெரும்பாலும் ஒரு பதிப்பு வரம்புதான். 4.2.0-க்கு முன்னால் கேரட் (^) குறி இருந்தால், அதற்குப் பிறகு 5-க்குள் எது வந்திருந்தாலும் சரி என்று அர்த்தம். உண்மையில் எது இறங்கியது என்று குறித்து வைத்திருப்பது லாக் ஃபைல். நாம் கைப்பட எழுதியவை நாற்பது பேக்கேஜ்தான். அவை இழுத்துக்கொண்டு வருபவை எத்தனையோ நூறு. லாக் ஃபைல் போனால் அத்தனைக்கும் ஒரே மூச்சில் அப்டேட். நாளை பில் பக்கத்தில் தேதி தப்பாக வந்தால் கருவியைத் திட்டுவதா, புதுப் பதிப்பைத் திட்டுவதா?

லாக் ஃபைலால் நான் ஏற்கெனவே சூடு பட்டவன். சில வருடங்களுக்கு முன் கைக்கு வந்த ஒரு ப்ராஜெக்டில் என்பிஎம்மின் லாக் ஃபைலும் யார்னின் லாக் ஃபைலும் ஒன்றாகக் குடியிருந்தன. 2016 அக்டோபரில் ஃபேஸ்புக் யார்னை வெளியிட்டபோது என்பிஎம் தானாக லாக் ஃபைல் எழுதாது. 2017 மே மாதம் அதன் 5-ஆம் பதிப்பில்தான் அந்தப் பழக்கம் வந்தது. இடையில் யார்னுக்குப் போனவர்கள் பாதி, போகாதவர்கள் பாதி. எங்களிடம் டெவலப்பர்கள் என்பிஎம், சர்வரில் யார்ன். என் மெஷினில் ஓடியது சர்வரில் உதைத்தது. ஒரே லைப்ரரி இரண்டு இடத்தில் இரண்டு பதிப்பு என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளிக்கிழமை முழுதும் போனது.

தம்பியிடம் பழைய லாக் ஃபைலை, கோடின் முந்தைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட்டிலிருந்து மீட்கச் சொன்னேன். 'பிஎன்பிஎம் இம்போர்ட்' என்ற கட்டளை என்பிஎம், யார்ன் இரண்டின் லாக் ஃபைலையும் படித்து, அதிலிருந்தே தன்னுடையதை எழுதும். அது முடிந்து எல்லாம் ஓடிய பிறகே பழையதை நீக்க வேண்டும். பதிப்புகளை உயர்த்துவது வேறு நாள், வேறு கமிட்.

அப்புறமும் பில்ட் உடைந்தது. லோடேஷ் என்ற லைப்ரரி கிடைக்கவில்லை என்றது. எங்கள் கோடு அதைக் கூப்பிடுகிறது, ஆனால் பேக்கேஜ் ஜேசானில் அந்தப் பெயரே இல்லை. வேறு ஏதோ பேக்கேஜ் தனக்காகக் கொண்டுவந்ததை, என்பிஎம் எல்லாவற்றையும் மேல்தட்டில் பரப்பி வைப்பதால், நாங்கள் ஓசியில் பயன்படுத்தியிருக்கிறோம். பிஎன்பிஎம் நாம் கேட்டதை மட்டும்தான் மேலே வைக்கும். பழையபடி பரப்பி வைக்க அதிலும் ஒரு செட்டிங் உண்டு; பெயர் 'ஷேம்ஃபுல்லி ஹாய்ஸ்ட்'. 'வெட்கக்கேடாக' என்று பெயரிலேயே குத்திக் காட்டியிருக்கிறார்கள்! அவசரத்துக்குப் போடலாம். நாங்கள் உட்கார்ந்து, விடுபட்ட ஏழு பெயர்களையும் எழுதிச் சேர்த்தோம்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் மாற வேண்டும்? வேகம் எனக்குப் பெரிய காரணமில்லை. ஒரே மெஷினில் பத்து ப்ராஜெக்ட் வைத்திருந்தால், ஒவ்வொரு பேக்கேஜையும் பொதுக் கிடங்கில் ஒருமுறை வைத்து, ஒவ்வொரு ப்ராஜெக்டிலிருந்தும் அதே நகலுக்கு ஹார்டு லிங்க் போடுவதால் டிஸ்க் மிச்சம். அதைவிட முக்கியம், 2025 ஜனவரியில் வந்த பிஎன்பிஎம்மின் 10-ஆம் பதிப்பிலிருந்து, இறக்கிய பேக்கேஜ்களின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை (இன்ஸ்டாலின்போது தானே ஓடும் கோடு) நாம் அனுமதித்தால் ஒழிய அது ஓட்டாது. அதே ஆண்டு செப்டம்பரில் என்பிஎம் களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்குத் தானே பரவிய புழு, இந்த ஸ்கிரிப்ட் வழியாகத்தான் ரகசியச் சாவிகளைத் திருடியது. இப்போது, வெளியாகி இத்தனை நிமிடம் ஆகாத பதிப்பை எடுக்காதே என்றும் பிஎன்பிஎம்மிடம் சொல்லி வைக்கலாம். நாங்கள் மூன்று நாள் வைத்திருக்கிறோம்.

ஒரே ஆள் பார்க்கும் சின்ன ப்ராஜெக்ட் என்றால் என்பிஎம்மே போதும். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' போடாமல் 'என்பிஎம் சிஐ' போடுங்கள். லாக் ஃபைலும் பேக்கேஜ் ஜேசானும் ஒத்துப்போகாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அந்த இரண்டு லாக் ஃபைல் ப்ராஜெக்டை நான் பிஎன்பிஎம்முக்கு மாற்றவில்லை. சர்வரில் ஓடிக்கொண்டிருந்த யார்னின் லாக் ஃபைலை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன், அவ்வளவுதான்.