ஐந்து வருஷம் வளரும் நூல் கைவேலையை அரை மணியில் முடிக்காதீர்கள்

இரண்டு ஐஸ் குச்சி, கொஞ்சம் உல்லன் நூல். குச்சிகளைக் கூட்டல் குறி மாதிரி வைத்துக் கட்டி, நூலைச் சுற்றிக்கொண்டே போனால் நடுவிலிருந்து ஒரு வைர வடிவம் விரியும். 'கடவுளின் கண்' என்று இதற்குப் பெயர். ஆக்குபேஷனல் தெரபிக்காக (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) என்னிடம் வரும் குழந்தைகளுக்கு நான் அடிக்கடி கொடுக்கும் வேலை இது. "திருஷ்டிக்கு மாட்டுறதா மேடம்?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லைங்க.

மெக்சிகோவில், மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரில், ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ மாநிலங்களில் வாழும் ஹுய்ச்சோல் மக்களுடைய பொருள் இது. அவர்கள் தங்களை விர்ராரிக்கா என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். 'கடவுளின் கண்' என்பது ஸ்பானியர் மொழியில் வந்த பெயர், அவர்கள் மொழியில் இது சிகூரி. நான்கு முனையும் நடுவும் சேர்த்து ஐந்து, அதாவது நான்கு திசையும் மையமும். குழந்தை பிறந்ததும் நடுக் கண், பிறகு வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து வயது வரை சேர்ப்பது வழக்கம். முதல் விளைச்சல் வரும்போது நடக்கும் சிறுவர் சடங்கிலும் இதற்கு இடம் உண்டு. பூசாரி மேளம் கொட்டிப் பாட, பிள்ளைகள் கிலுகிலுப்பை ஆட்டியபடி பாட்டிலேயே பறவைகளாகி விரிகூட்டா என்ற புனித பாலைவனத்துக்குப் பறந்து போகிறார்கள். அங்கே போகும் யாத்திரைப் பாதையை யுனெஸ்கோ 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பள்ளிக் கண்காட்சியில் இதே பொருளுக்கு 'செவ்விந்தியர் கைவினை' என்று அட்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளிடம் பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். அப்புறம், நாம் செய்வது சடங்குப் பொருள் இல்லை, அவர்களிடம் கற்றுக்கொண்ட சுற்று முறை மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். "மேலே போ, ஒரு சுத்து சுத்து, பக்கத்து வீட்டுக்குப் போ" என்பதுதான் எங்கள் பாட்டு. நூல் குச்சியின் மேல் போய், அதை ஒரு முறை முழுசாகச் சுற்றி, அடுத்த குச்சிக்குத் தாவும். ஒரு கை நூலைப் பிடிக்க, இன்னொரு கை குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்வது, பொத்தான் போடவும் ஷூ லேஸ் கட்டவும் திணறும் குழந்தைக்கு அருமையான பயிற்சி. புதுச் சுற்று பழைய சுற்றின் மேல் ஏறாமல் பக்கத்தில் படுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினாலும் குடி முழுகிவிடாது, மேடு தட்டும், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது விரல். யோசித்துக்கொண்டே நூலை விரல் நுனியில் சுற்றி இறுக்கும் பழக்கம் நிறைய பிள்ளைகளுக்கு உண்டு, நுனி நீலம் பாய்ந்த பிறகுதான் நமக்குத் தெரியும். அதனால் நூற்கண்டை அப்படியே கொடுக்காமல் ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டிக் கொடுங்கள், தீர்ந்தால் பின்பக்கம் முடிச்சுப் போட்டு அடுத்த நிறம். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் நூலே வேண்டாம்.

பிடிப்பு பலமில்லாத குழந்தைக்கு இன்னொரு வழி, அதுவும் ஹுய்ச்சோல் மக்களுடையதுதான். பலகையில் தேன்மெழுகைப் பூசி, வெயிலில் இளகியதும் நூலை அதில் அழுத்தி மானும் சோளமும் வரைகிற நூல் ஓவியம். மெழுகுக்குப் பதில் இருபக்க டேப் ஒட்டிக் கொடுக்கிறேன்.

பெற்றோரிடம்தான் எனக்குச் சண்டை. குழந்தை ஆறு சுற்றில் நிறுத்தினால், "குடுடா நான் முடிக்கிறேன்" என்று வாங்கிவிடுகிறார்கள். ஒரு பையன் மஞ்சளில் நான்கு சுற்றோடு வைத்துவிட்டுப் போனான், அப்பாவுக்கு முகமே இல்லை. அதை அப்படியே ஜன்னலில் மாட்டி வைத்தேன். மூன்றாவது வாரம் வந்தவன், ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கழற்றி, பச்சை நூல் கேட்டான்.