இடுப்பு மூட்டு அழற்சியாம்!

வேலூரில் நோயாளிகள் கையில் கொடுக்கும் தமிழ்த் தாள்களில் ‘செப்டிக் சாக்ரோஇலியைட்டிஸ்’ என்பதை ‘இடுப்பு மூட்டு அழற்சி’ என்று போடுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு சுருக்கமாக: சாக்ரம் லத்தீன் சொல், ‘புனிதமானது’ என்று பொருள். தமிழில் திருவெலும்பு, முதுகுத்தண்டின் அடியில் இருப்பது. இலியம் என்பது இடுப்பெலும்பின் அகன்ற மேல்பகுதி. இவை இரண்டும் சேருமிடம் சாக்ரோஇலியாக் மூட்டு. ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி. ‘செப்டிக்’ என்றால் கிருமி புகுந்தது.

சரி, ‘இடுப்பு மூட்டு’ என்றதும் நம் ஊர்க்காரருக்கு என்ன தோன்றும்? இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான். அது தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் இடம். நாம் பேசும் மூட்டு அதுவல்ல. பாவாடை நாடாவுக்குக் கீழே, முதுகில் இரண்டு பக்கமும் குழி விழுமே, அதற்கு உள்ளே இருப்பது. போதாக்குறைக்கு, ‘இடுப்பு வலி’ என்றால் பிரசவ வலி என்றும் பொருள். பிள்ளை பெற்ற பிறகும் இந்தத் தொற்று வரலாம். காய்ச்சலோடு, கால் ஊன்ற முடியாமல் ஒரு பெண் வந்து ‘இடுப்பு வலிக்குது’ என்றால், ‘பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

அதைவிட மோசம் ‘அழற்சி’. கிருமியே இல்லாமல் முதுகெலும்பு மூட்டுகள் அழலும் அன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்ற நோயிலும் இதே மூட்டு அழலும். அதற்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பதுண்டு. சீழ் பிடித்த மூட்டுக்கு அதைக் கொடுத்தால் வினைதான். இங்கே வேண்டியது எம்ஆர்ஐ, ரத்தத்திலோ சீழிலோ கிருமியைக் கண்டுபிடிக்கும் கல்ச்சர், பிறகு பல வாரம் ஆன்டிபயாடிக். கிருமி பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை. காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் ஆடுமாட்டின் பிரசவத்தில் கைவைப்பவருக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியாவாலும் வரும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியாமல் போகலாம். விட்டுவிட்டால் சீழ் முதுகெலும்பிலிருந்து தொடைக்குப் போகும் சோயாஸ் தசைக்குள் இறங்கும், ரத்தத்தில் கிருமி பரவும், மூட்டு ஒட்டிக்கொள்ளவும் கூடும். சீழ் கட்டி நின்றால் ஊசி போட்டோ அறுத்தோ வடிக்க வேண்டும். ‘அழற்சி’ என்ற சொல்லில் இதில் எது தெரிகிறது? வலி மாத்திரையும் தைலமும்தான் தெரிகிறது.

நான் சொல்வது ‘பின்னிடுப்பு மூட்டுத் தொற்று’. ‘திருவெலும்பு–இலிய மூட்டுத் தொற்று’ என்பதில் பிழையில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். காட்பாடியிலிருந்து வரும் பாட்டிக்குப் பின்னிடுப்பு புரியும், இலியம் புரியாது. தனித்தமிழ் முக்கியம்தான், ஆனால் எந்த இடம், என்ன கோளாறு என்பது முதலில் தெரிய வேண்டும்.

அப்புறம் இன்னொரு கொடுமை: எந்திரத்திடம் மொழிபெயர்ப்பை விட்டவர்கள் ‘இடுப்பின் கூட்டுத் தொற்று’ என்கிறார்கள். மூட்டு கூட்டாகிவிட்டது, சௌசௌ கூட்டு மாதிரி. லாட்ஜ் பலகையில் வங்காளம்கூட எழுதிவைக்கும் ஊர் இது. தமிழ்த் தாளை மட்டும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு நர்ஸம்மாவிடம் படித்துக் காட்ட ஆளில்லை.